வாயசைக்காமல் பேசும் பாப்பாய்: 1933–1938 டிவிடி தொகுப்பு

கீரை தின்றதும் பலம் வரும் கார்ட்டூன் மாலுமி பாப்பாய் வாயைத் திறக்காமலே பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? படியேறும்போது, கதவைத் தட்டும்போது, அடி வாங்கி விழுந்து எழுந்திருக்கும்போதெல்லாம் மனிதர் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார், ஆனால் பைப்பைக் கடித்திருக்கும் அந்த வாய் துளிகூட அசையாது. சின்ன வயதில் இதை டப்பிங் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். கோளாறெல்லாம் இல்லை, படங்களை எடுத்த ஃப்ளைஷர் ஸ்டூடியோ வேலை பார்த்த விதமே அப்படித்தான் என்று தெரிந்த பிறகு, அந்தப் படங்களை ஒழுங்கான பிரதியில், வந்த வரிசையிலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அப்படி வாங்கியதுதான் இந்தத் தொகுப்பு. மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. 2007-ல் வார்னர் ஹோம் வீடியோ வெளியிட்டது. நான்கு டிஸ்க், 60 படங்கள், 1933-ல் வந்த முதல் பாப்பாயில் தொடங்கி 1938 வரை, தியேட்டருக்கு வந்த அதே வரிசையில். இரண்டே இரண்டு படங்கள்தான் கலர், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை. உலகத்துக்கே தெரிந்த ஒரு கதாபாத்திரத்தின் நல்ல காலத்துப் படங்கள் ஒழுங்காகக் கிடைக்க 2007 வரை ஏன் ஆனது என்றால், வழக்கமான காரணம்தான், உரிமைத் தகராறு. கதாபாத்திரம் பத்திரிகைகளுக்குச் சித்திரக்கதை விற்கும் கிங் ஃபீச்சர்ஸ் கம்பெனியுடையது. படங்களோ 1950களில் டிவிக்காக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிக் கடைசியில் வார்னரிடம் வந்து சேர்ந்தவை. இரண்டு பேரும் 2006-ல்தான் ஒத்துவந்தார்கள்.

அதுவரை நமக்குக் கிடைத்ததெல்லாம் அடிபட்ட சரக்கு. டிவிக்காக வாங்கியவர்கள் படத்தின் தொடக்கத்தில் இருந்த, முதலில் வெளியிட்ட பாரமவுண்டின் பெயர் அட்டைகளை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் 1980களில் கறுப்பு வெள்ளை ஓடாது என்று யாரோ முடிவு செய்ய, ஃப்ரேம்களைக் கொரியாவுக்கு அனுப்பி மறுபடி டிரேஸ் எடுத்துச் சாயம் பூசி ஒளிபரப்பினார்கள். டிவியில் நீங்கள் பார்த்த பாப்பாயில் உடம்பு வழவழவென்று, பின்னணி மொட்டையாக, அசைவு தத்தித் தத்தி வந்திருந்தால் அது இந்த மறுபதிப்பாக இருக்கும். இந்தத் தொகுப்பில் மூல நெகட்டிவிலிருந்தே எடுத்திருக்கிறார்கள், வெட்டிப்போட்ட அட்டைகளையும் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். கப்பலின் கதவுகள் திறந்து மூடி ஒவ்வொரு பெயராகக் காட்டும் அந்தத் தொடக்கத்தைப் பார்த்ததும் இவ்வளவு நாள் தலையில்லாத படத்தையா பார்த்தோம் என்று தோன்றியது.

ஒரு புலம்பல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட். விற்றவர் யாரென்று சொல்லப்போவதில்லை, ஆனால் 'புதுசு மாதிரி' என்று எழுதி விற்றவருக்கு 'புதுசு' என்ற சொல்லுக்கு வேறு அகராதி இருக்கிறது போல. உறைக்குள் டிஸ்கைப் பிடித்திருக்கும் பல்லெல்லாம் உடைந்து, மூன்றாவது டிஸ்க் கழன்று உள்ளே சலங்கை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு படம் பாதியில் உறைந்து நிற்கும். பாப்பாய் குத்து விட ஓங்கிய கையோடு அப்படியே நிற்பார், நான் ரிமோட்டோடு நிற்பேன். துணியால் துடைத்து, வேறு பிளேயரில் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு நண்பரிடமிருந்து அந்த ஒரு டிஸ்கை மட்டும் இரவல் வாங்கித்தான் முடித்தேன். பழையது வாங்குபவர்கள் நான்கு டிஸ்கின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொகுப்பை நான் பார்த்த முறையையே உங்களுக்கும் சொல்வேன். பாப்பாயில் ஆரம்பிக்காதீர்கள். டிஸ்குகளின் கூடுதல் பகுதியில் சில மௌனப் படங்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள், அங்கே போங்கள். அதில் ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து பேனாவால் ஒரு கோமாளியை வரைவார், கோமாளி உயிர் பெற்றுத் தாளைவிட்டு இறங்கி அறைக்குள் அட்டகாசம் செய்யும். அந்த மனிதர்தான் மேக்ஸ் ஃப்ளைஷர். 1883-ல் போலந்தின் கிராகோவில் பிறந்து, நான்கு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து நியூயார்க்கில் வளர்ந்தவர், அப்பா தையற்காரர். பத்திரிகையில் ஓவியம், அப்புறம் 'பாப்புலர் சயின்ஸ்' இதழில் கலை ஆசிரியர். ஓவியனும் மெக்கானிக்கும் ஒரே உடம்பில். அந்த ரகத்து ஆள்தான் 1915-ல் ரோட்டோஸ்கோப்பைக் கண்டுபிடித்திருக்க முடியும்: நிஜ மனிதனைப் படம் எடுத்து, அதை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கண்ணாடியின்மேல் விழவைத்து, கோடு பிடித்து வரைவது. கேட்கச் சுலபம். ஒரு நிமிடம் சொச்சம் ஓடும் முதல் சோதனைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது என்பார்கள். கோமாளி உடுப்பு மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் ஆடியவர் தம்பி டேவ். அந்தக் கோமாளிதான் பிறகு 'கோகோ' ஆனான்.

இந்த மௌனப் படங்களில் ஒன்றில் (1921) கோகோ அறையில் இருக்கும் களிமண் சிலைக்குள் போய்ப் புகுந்துகொள்கிறான். வரைந்த உருவம், நிஜ அறை, களிமண் அசைவு மூன்றும் ஒரே ஃப்ரேமில். இன்றைக்குப் பார்த்தாலும் எப்படி ஒட்டினார்கள் என்று இரண்டு முறை ரிவைண்ட் பண்ண வைக்கிறது. ஆனால் ஒட்டை மறைக்க அவர்கள் மெனக்கெடவே இல்லை. பேனா, மைப்புட்டி, வரைபவரின் கை எல்லாம் அப்படியே திரையில். 'நாங்கள் வரைகிறோம், பாருங்கள்' என்பதுதான் படமே. டிஸ்னி வரைந்த கையை மறக்கவைக்கப் பார்த்தார், ஃப்ளைஷர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் நான்கு டிஸ்கையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

பேசும் கார்ட்டூனை டிஸ்னிதான் தொடங்கினார் என்பது நம்மில் பலரும் நம்பும் கதை. மிக்கி மவுஸ் சீட்டியடித்துக்கொண்டு கப்பல் ஓட்டியது 1928 நவம்பரில். ஃப்ளைஷர்கள் 1924-லேயே பாட்டுப் படங்கள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டின் வரிகள் திரையில் வரும், ஒரு வெள்ளைப் பந்து சொல்லுக்குச் சொல் குதித்துப்போகும், தியேட்டரே சேர்ந்து பாடும். அந்தப் பந்து வரைந்ததுகூட இல்லை. வரிகளை ஓர் உருளையில் சுற்றித் திருப்ப, ஒருவர் நீளக்குச்சியின் நுனியில் ஒளிரும் பந்தை வைத்துக்கொண்டு தாளத்துக்குத் தாளம் சொல்லின்மேல் குதிக்க வைப்பார், கேமரா பதிவு செய்யும், அவ்வளவுதான். இந்தப் படங்களில் சிலவற்றுக்கு, ஃபிலிமிலேயே ஒலியைப் பதிக்கும் லீ டி ஃபாரஸ்டின் முறையில் ஒலியும் உண்டு. 1926-ல் வந்த ஒன்றில் ஒரு நாய் வாயசைத்துப் பேசி, பந்தைப் பின்தொடர்ந்து பாடச் சொல்கிறது. ஆனால் அவர்களுடைய விநியோகக் கம்பெனி திவாலாகிப்போக, அந்தப் புகழெல்லாம் எலிக்குப் போய்ச் சேர்ந்தது.

1929-ல் அண்ணன் தம்பி மறுபடி தொடங்கியதுதான் ஃப்ளைஷர் ஸ்டூடியோஸ். முகவரி நியூயார்க், 1600 பிராட்வே. விநியோகம் பாரமவுண்ட். 1930-ல் அவர்களுடைய கார்ட்டூன் நாயகி பெட்டி பூப் வந்தாள், அதுவும் நாய்க் காதோடு. 1932-க்குள் அந்தக் காது தோடாக மாறி முழுப் பெண்ணாகிவிட்டாள். ஜாஸ் இசைக்கலைஞர்கள் கேப் கேலோவேயும் லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அந்தப் படங்களில் தோன்றினார்கள். கேலோவேயின் நடனத்தை ரோட்டோஸ்கோப்பில் பிடித்து ஒரு வால்ரஸின் பேய்க்கு மாட்டிவிட்டார்கள் என்றால் பாருங்கள், அந்த அறையில் எப்படிப்பட்ட ஆட்கள் உட்கார்ந்திருந்திருப்பார்கள்! இந்தத் தொகுப்பில் பெட்டியின் படங்கள் இல்லை, ஆனால் அவள் இல்லாமல் தொகுப்பு தொடங்கவும் இல்லை. 1933 ஜூலையில் வந்த முதல் பாப்பாய் படம் பெட்டி பூப் படம் என்ற பெயரில்தான் வந்தது. அதில் அவள் ஆடும் ஹூலா நடனம்கூட முந்தைய வருடத்துப் படத்திலிருந்து எடுத்து ஒட்டியது. சிக்கனம் என்றால் அது!

அந்த முதல் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாப்பாய் கப்பல் தளத்தில் பாடிக்கொண்டே நடக்கிறார், போகிற போக்கில் நங்கூரத்தை ஒரு குத்து விட, அது சிதறிச் சின்னச் சின்னத் தூண்டில் முள்ளாக விழுகிறது. பாய்மரக் கம்பத்துக்கு ஒரு குத்து, அது துணி காயப்போடும் கிளிப்புகளாகிறது. கதை நகர இதற்கெல்லாம் எந்த அவசியமும் இல்லை. டேவ் ஃப்ளைஷர் மேசை மேசையாகச் சுற்றிவந்து ஒவ்வொரு காட்சியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறதா என்று கேட்பாராம், அந்தப் பழக்கத்தின் பலன் இது. கதை என்று பார்த்தால் 60 படத்துக்கும் சேர்த்து ஒரே கதைதான்: காதலி ஆலிவைத் தடியன் புளூட்டோ தூக்குவான், பாப்பாய் அடி வாங்குவார், கீரை டப்பா, மறுபடி அடி, பாட்டு. பாப்பாயைப் படைத்த எல்சி செகரின் பத்திரிகைச் சித்திரக்கதையில் (பாப்பாய் அதில் நுழைந்தது 1929 ஜனவரியில்) நீளமான சாகசங்கள், சூதாட்டம், ராஜ்யங்கள் என்று என்னென்னவோ உண்டு. புளூட்டோ அங்கே ஒரே ஒரு கதையில் வந்துபோகும் வில்லன். ஸ்டூடியோ அவனை நிரந்தர எதிரியாக்கி, மற்றதையெல்லாம் உதிர்த்துவிட்டது. செகரின் ரசிகர்களுக்கு இது வயிற்றெரிச்சல். எனக்கும் ஓரளவு உண்டுதான், ஆனால் கதையே தேவையில்லை என்றானதும் இவர்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தைப் பார்க்கும்போது மன்னித்துவிடுகிறேன்.

உதாரணத்துக்கு 1934-ல் வந்த 'எ டிரீம் வாக்கிங்'. ஆலிவ் தூக்கத்தில் நடக்கிறாள். ஜன்னல் வழியே வெளியே வந்து, உயரத்தில், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் இரும்பு உத்தரங்கள்மேல் கையை நீட்டியபடி போகிறாள். கால் வைக்க இடமில்லாத நொடியில் சரியாக ஓர் உத்தரம் ஊஞ்சல் மாதிரி வந்து பாதத்துக்கடியில் நிற்கும், அவள் அடியெடுத்து வைத்ததும் நகர்ந்துவிடும். கீழே பாப்பாயும் புளூட்டோவும் அவளைக் காப்பாற்றப்போவது யார் என்று ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். அவளுக்கோ காப்பாற்ற ஆளே தேவைப்படவில்லை. அந்த நாளில் பிரபலமான ஒரு மெட்டு பின்னால் ஓட, உத்தரங்கள் எல்லாம் அதன் தாளத்தில் அசைகின்றன. மொத்தம் ஆறேழு நிமிடம். கடைசியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பது படம் முடிந்தபின்தான் தெரிந்தது.

பின்னணியும் அப்படியே. டிஸ்னியின் படங்களில் புல்வெளி, பண்ணை, சூரிய ஒளி. இங்கே சாம்பல் நிறச் சுவர், உதிர்ந்த காரை, வளைந்த படிக்கட்டு, கட்டடங்களுக்கு நடுவே துணிக்கொடி, துறைமுகச் சந்து. நகரத்தில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து வரைந்த இடங்கள். இந்த அழுக்குதான் நல்ல பிரதியில் முதல்முறையாக முழுசாகத் தெரிகிறது. இதற்காகவே இந்தத் தொகுப்புக்குக் காசு கொடுக்கலாம்.

இப்போது முணுமுணுப்பு. வாய்ஸை முதலில் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவு வரைவதுதான் மற்ற பெரிய ஸ்டூடியோக்களின் வழக்கம். ஃப்ளைஷர்கள் படத்தை முழுக்க வரைந்து முடித்துவிட்டு, பிறகு குரல் கொடுப்பவர்களை மைக்குக்கு முன்னால் நிறுத்தி ஓட்டினார்கள். திரையில் வாய் அசைந்தாலும் அசையாவிட்டாலும் இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் அவர்களாக ஏதாவது சொல்லி நிரப்பினார்கள். முதல் இரண்டு வருடம் பாப்பாய்க்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் காஸ்டெல்லோ, கரகரவென்று கல் உரசுகிற குரல். 1935-ல் அந்த இடத்துக்கு வந்தவர் ஜாக் மெர்சர். அவர் நடிகர்கூட இல்லை, அதே ஸ்டூடியோவில் இன்பிட்வீனர், அதாவது முக்கியமான இரண்டு அசைவுகளுக்கு நடுவிலுள்ள படங்களை வரைகிற வேலை. அவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். வரிசையாகப் பார்த்தால் இந்த மாற்றம் பளிச்சென்று தெரிகிறது: 'கிங் ஆஃப் தி மார்டி கிரா'வில் முதல்முறை மெர்சர் குரல் கேட்கிறது, அதிலிருந்து நாலைந்து படத்துக்குள் பாப்பாய் முரட்டு ஆள் என்பதிலிருந்து நல்ல மனசுக்காரக் கிழட்டுக் குழந்தையாக மாறிவிடுகிறார். எழுதிய வசனத்தைவிட அந்த முணுமுணுப்பில்தான் நகைச்சுவை அதிகம். நான் ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்த இரவுகளில் ஏற்கெனவே பார்த்த படங்களில்கூடப் புதிதாக நாலு கிண்டல் கிடைத்தது. ஆலிவாகப் பேசும் மே குவெஸ்டல்தான் பெட்டி பூப்புக்கும் குரல் கொடுத்தவர். புளூட்டோவின் கனத்த குரல் கஸ் விக்கி. ஒலியை வார்னர் சுத்தம் செய்திருக்கிறார்கள், ஆனால் உயிரை உறிஞ்சிவிடவில்லை, பின்னணியில் லேசான இரைச்சல் இருக்கிறது, இருக்கட்டும்.

இன்னொரு வித்தையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். சில படங்களில் பாப்பாய் தெருவில் நடக்கும்போது பின்னால் வீடுகள் திரும்பும், பக்கவாட்டுச் சுவர் தெரியும், ஆழம் தெரியும். கணினி பிறப்பதற்கு முன்னால்! செட்பேக் என்பது அதன் பெயர். ஒரு சுழல் மேசைமேல் நிஜமான குட்டி செட்டை அட்டை, பிளாஸ்டர் எல்லாம் வைத்துக் கட்டுவார்கள். அதற்கு முன்னால் பாப்பாயை வரைந்த செல்லை, அதாவது ஒளி ஊடுருவும் தாளை, கண்ணாடிகளுக்கு நடுவே நட்டக்குத்தலாக நிறுத்துவார்கள். ஒரு ஃப்ரேம் எடு, மேசையைத் துளி திருப்பு, செல்லை மாற்று, அடுத்த ஃப்ரேம். டிஸ்னியின் மல்டிபிளேன் கேமராவும் ஆழத்துக்காகத்தான் வந்தது (1937), ஆனால் அதில் கண்ணாடியில் தீட்டிய தட்டையான படங்களை அடுக்கி மேலிருந்து எடுத்தார்கள். ஃப்ளைஷர்கள் 1934-லிருந்தே நிஜப் பொருளை வைத்து எடுத்தார்கள். வரைந்த பாப்பாயின்மேல் நிழல் ஒரு மாதிரி, செட்டின்மேல் வேறு மாதிரி விழும். ஒட்டவில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு ஒட்டாததுதான் பிடித்திருக்கிறது, கனவில் எதுவும் எதோடும் ஒட்டுவதில்லை.

இதன் உச்சம் 1936-ன் 'சிந்துபாத்' இரண்டு ரீல் படம். டெக்னிகலர். மூன்று வண்ண டெக்னிகலரைக் கார்ட்டூனில் பயன்படுத்தும் உரிமையை 1935 வரை டிஸ்னி மட்டும் தன் பையில் போட்டு வைத்திருந்தார், அதனால் ஃப்ளைஷர்கள் அதற்கு முன் இரண்டு வண்ணத்திலேயே காலம் தள்ளினார்கள் (பெட்டியின் ஒரே கலர் படத்தில் அவள் கூந்தல் சிவப்பு, யாரும் எதிர்பார்க்காதது). பூட்டு விலகியதும் கையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொட்டிவிட்டார்கள். புளூட்டோ சிந்துபாத்தாகத் தன் தீவில் பாடிக்கொண்டு நடக்கிறான், பின்னால் குகையும் பாறையும் மெதுவாகத் திரும்புகின்றன. ராட்சதப் பறவை பாப்பாயைத் தூக்கிக்கொண்டு எரிமலைக்குள் போகிறது, கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பறவையை வறுத்துத் தட்டில் ஏந்திக்கொண்டு பாப்பாய் திரும்பி வருகிறார். இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவே பாப்பாயின் சாப்பாட்டுப் பிரியரான நண்பர் விம்பி ஒரு வாத்தைக் கறி அரைக்கும் மிஷினோடு துரத்திக்கொண்டே இருக்கிறார், அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இந்தப் படம் காப்புரிமையிலிருந்து நழுவிப்போனதால் கண்ட கண்ட கம்பெனியும் பிரதி போட்டது. நான் வைத்திருந்த பழைய சிடியில் எல்லாமே பழுப்பு, கடல்கூட. இங்கே கடல் நீலமாகவே இருக்கிறது. ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி டிஸ்னி படத்திடம் தோற்றது. நான் நடுவராக இருந்திருந்தால் கதை வேறு. 1937-ன் 'அலிபாபா' அடுத்த டோஸ். அதில் கீரை டப்பாவையே பாப்பாய் மந்திரம் போட்டுத் திறப்பது தனி.

குறைகள். ஒரே மூச்சில் பார்த்தால் செத்தீர்கள். நான் முதல் வார இறுதியில் ஒரு டிஸ்கை முழுக்க ஓட்டினேன், ஏழாவது படத்தில் கீரை டப்பா வந்தபோது கொட்டாவி விட்டேன். இவை ஒரு திரைப்படத்துக்கு முன்னால், மாதத்துக்கு ஒன்று என்று பார்க்க எடுத்தவை. ஒரு ராத்திரிக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். அப்புறம், இவை அந்தக் காலத்து அமெரிக்காவின் கண்ணோட்டத்தோடு வருபவை. கறுப்பினத்தவர், செவ்விந்தியர், சீனர், அரேபியர் என்று யாரைக் காட்டினாலும் கேலிச்சித்திரம்தான், சில இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. வெட்டாமல் அப்படியே கொடுத்து, முன்னால் ஓர் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். சரியான முடிவு என்பேன், ஆனால் குழந்தைகளிடம் டிஸ்கைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆலிவை இரண்டு ஆண்கள் கயிறு மாதிரி இழுப்பதும் அறுபது தடவை பார்த்தால் அலுக்கும்தான்.

வரலாற்று விளக்கத்துக்கு பாப்பாய் பற்றி ஓர் ஆவணப்படமும், 1900 முதல் 1920 வரையிலான அனிமேஷன் பற்றி இன்னொன்றும் உண்டு. சில படங்களுக்கு அனிமேட்டர்களும் வரலாறு தெரிந்தவர்களும் கூடவே பேசும் ஒலித்தடம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

தொகுப்பு 1938-ல் நிற்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் ஸ்டூடியோவின் கதையும் ஏறக்குறைய அங்கேதான் திரும்புகிறது. 1937 மே மாதம் ஃப்ளைஷர் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி, நீண்ட நேரம், சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையைவிட்டு நீக்கியது என்று காரணங்கள். பிராட்வேயில் மறியல் நின்றவர்கள் பாப்பாய் பாட்டின் மெட்டிலேயே சங்கப் பாட்டுப் பாடினார்கள். தாங்களே வரைந்த ஆளை வைத்து முதலாளியைக் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள், அதுவும் அந்த வீட்டு நகைச்சுவைதான். அமெரிக்க அனிமேஷனில் முதல் பெரிய வேலைநிறுத்தம் இது, அக்டோபர் வரை போனது. 1937-ன் பிற்பகுதிப் படங்களில் இதன் தழும்பு தெரிகிறதா என்று குறிப்பாகத் தேடினேன். தெரியவில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் ஏற்கெனவே புகைச்சல், அதோடு இதுவும் சேர, 1938-ல் ஸ்டூடியோவையே சங்கத் தொல்லை குறைவான ஃபுளோரிடாவுக்கு, மயாமிக்கு மாற்றினார்கள். பாரமவுண்டின் கடன். டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' வசூலைப் பார்த்து எங்களுக்கும் ஒரு முழுநீளப் படம் வேண்டும் என்று பாரமவுண்ட் கேட்க, 'கலிவர்' 1939 கிறிஸ்துமஸுக்குத் தயாரானது. பணம் வந்தது, ஆனால் நியூயார்க்கின் அழுக்குப் போய்விட்டது. மயாமி வெயிலில் காரை உதிர்ந்த சுவர் எங்கே இருக்கும்?

1941-ல் சூப்பர்மேன் கார்ட்டூன்கள். வேண்டாம் என்பதற்காகவே டேவ் தலையைச் சுற்றும் தொகை கேட்டாராம், பாரமவுண்ட் பேரம் பேசி முதல் படத்துக்கு 50,000 டாலர் கொடுத்துவிட்டது. அவர்கள் எடுத்த ஒன்பது சூப்பர்மேன் படங்களும் அழகு, ஆனால் முணுமுணுப்பு இல்லாத அழகு. அதே டிசம்பரில் இரண்டாவது முழுநீளப் படம், பேர்ல் ஹார்பர் தாக்குதலோடு சேர்ந்து வந்து மூழ்கியது. 1942-ல் சகோதரர்கள் வெளியே, ஸ்டூடியோவுக்குப் புதுப் பெயர் ஃபேமஸ் ஸ்டூடியோஸ். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே பிரிந்தார்கள். மேக்ஸ் 1972-ல் இறந்தார், டேவ் 1979-ல்.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? வரைபவர்கள், அனிமேஷன் படிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டிவியில் பார்த்த பாப்பாயின் நினைவுக்காக வாங்குபவர்கள் முதல் டிஸ்கில் கொஞ்சம் திகைப்பார்கள், பாப்பாய் இவ்வளவு முரடா என்று, இரண்டாவதில் பழகிவிடும். கதை வேண்டும், கண்ணீர் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. எங்கே தொடங்குவது என்று கேட்டால், கோகோவின் மௌனப் படம் ஒன்று, 'எ டிரீம் வாக்கிங்', சிந்துபாத், இந்த மூன்றும் ஒரே ராத்திரியில்.

இரண்டாவது தொகுப்பும் இருக்கிறது, 1938 முதல் 1940 வரை. அதில் 'கூன்லாண்ட்' என்று ஒரு படம். பாப்பாயை ஒரு பட்டாளமே சூழ்ந்து அடிக்க, சண்டை தாங்காமல் ஃபிலிமே அறுந்துபோகிறது. அடித்தவர்கள் எல்லாம் திரைக்கு வெளியே விழுகிறார்கள், நிஜமான இரண்டு கைகள் வந்து அறுந்த ஃபிலிமை ஊக்கு குத்திச் சேர்க்கின்றன. அதையும் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை உறை பிரிக்காதது.